பெட்டி லவெட்டின் 'தி சீன் ஆஃப் த கிரைம்' (2007): பெருமை பாடகிக்கா, தயாரிப்பாளர்களுக்கா?

#1 முகிலன்

சோல் என்ற கறுப்பின அமெரிக்க இசை வகையின் பாடகர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஆரெத்தா, ஓட்டிஸ், அல் கிரீன் என்று அதே நாலு பேரையே சுற்றிச் சுற்றி வருகிறோம். பெட்டி லவெட் எங்காவது ஒரு வரியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். அவருடைய 2007 ஆல்பத்தை ஆற அமரப் பேச வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அதற்காகவே இந்த இழை.

தெரியாதவர்களுக்கு முன்கதை. 1946-ல் மிச்சிகன் மாநிலத்தின் மஸ்கீகனில் பிறந்தார், வளர்ந்தது டெட்ராய்ட். 1962-ல் பதினாறு வயதில் முதல் சிங்கிள் (ஒற்றைப் பாட்டு இசைத்தட்டு), 'மை மேன்'. அட்லாண்டிக் நிறுவனம் அதை வாங்கி வெளியிட, ஆர் அண்ட் பி எனும் கறுப்பின இசைப் பட்டியலில் 7-ஆம் இடம் பிடித்தது. 1965-ல் 'லெட் மி டவுன் ஈஸி'. இன்றைக்கும் மேடையில் அவரிடம் கேட்கப்படும் பாட்டு. 1972-ல் அட்லாண்டிக் மறுபடியும் கூப்பிட்டு, அலபாமாவில் மசில் ஷோல்ஸுக்கு அனுப்பி, முழு ஆல்பம் ஒன்றைப் பதிவு செய்தது. 'சைல்ட் ஆஃப் த செவன்டீஸ்' என்று பெயர்கூட வைத்தாயிற்று. பிறகு கடைசி நேரத்தில் வெளியிடுவதில்லை என்று கைவிட்டார்கள். அந்தச் செய்தி வந்தபோது சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அவருடைய முதல் ஆல்பம் கடைக்கு வந்தது 1982-ல், மோடவுன் இசைத்தட்டு நிறுவனம் வழியாக. முதல் சிங்கிளுக்கும் முதல் ஆல்பத்துக்கும் நடுவே இருபது வருடம்! அதுவும் பெரிதாகப் போகவில்லை. 1972 டேப்புகளை கில் பெட்டார் என்ற பிரெஞ்சுச் சேகரிப்பாளர் தேடிப் பிடித்து, உரிமம் வாங்கி, 2000-ல் 'சூவனியர்ஸ்' என்ற பெயரில் பிரான்ஸில் வெளியிட்டார். அங்கிருந்து காற்று மாறியது. 2003-ல் 'எ வுமன் லைக் மி'. 2005-ல் ஜோ ஹென்றி தயாரிப்பில், பெண்கள் எழுதிய பாட்டுகளை மட்டும் வைத்து ஒரு ஆல்பம். 2007-ல், 61 வயதில், அதே மசில் ஷோல்ஸுக்குத் திரும்பிப் போய் இந்த ஆல்பம். உடன் வாசித்தது டிரைவ்-பை டிரக்கர்ஸ் என்ற ராக் குழு. 'குற்றம் நடந்த இடம்' என்ற தலைப்பின் பொருள் இப்போது புரிந்திருக்கும்.

என் கட்சி இதுதான். இந்த ஆல்பத்தின் பெருமையை ராக் குழுவின் கணக்கிலும் தயாரிப்பாளர் கணக்கிலும் எழுதிவைப்பது நியாயமில்லை. டெட்ராய்ட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் சின்னச் சின்ன கிளப்புகளில், நாற்பது பேர் முன்னால், அடுத்தவர் பாட்டை எடுத்துத் தன் பாட்டாக்கிப் பாடிப் பாடிப் பழகிய குரல் அது. ஸ்டுடியோவுக்குள் நுழையும்போதே பழுத்துத்தான் வந்தது. மறுப்பு இருப்பவர்கள் சொல்லுங்கள்.

#2 வேலன்77

எனக்கு மறுப்பு இருக்கிறது முகிலன். குரலைப் பற்றி இல்லை, குரலை விற்ற விதத்தைப் பற்றி.

1994-ல் ரிக் ரூபின் ஜானி கேஷை ஒரே ஒரு கிதாரோடு உட்காரவைத்துப் பாடவைத்தார். ஆல்பம் பேர் வாங்கியது. 2002-ல் சாலமன் பர்க்குக்கு 'டோன்ட் கிவ் அப் ஆன் மி'. ஜோ ஹென்றி தயாரிப்பு, நாலே நாளில் பதிவு. டிலன், டாம் வெயிட்ஸ், வான் மாரிசன், எல்விஸ் காஸ்டெல்லோ, பிரையன் வில்சன் என்று ராக் உலகமே பாட்டு எழுதிக் கொடுத்தது. பர்க்குக்கு முதல் கிராமி அதில்தான். 2005-ல் அதே ஜோ ஹென்றி, இப்போது லவெட். 2007 ஏப்ரலில் மேவிஸ் ஸ்டேபிள்ஸ், தயாரிப்பு ரை கூடர். செப்டம்பரில் மறுபடி லவெட். கடைசி மூன்றும் ஆன்டி என்ற ஒரே நிறுவனம்.

வயதான கறுப்பினப் பாடகர், வெள்ளைக்கார ராக் தயாரிப்பாளர், ராக் ரசிகனுக்குப் பரிச்சயமான பாடலாசிரியர்கள், அலங்காரம் உரித்த ஒலி. இது ஒரு வாய்ப்பாடு. வாய்ப்பாடு என்பதாலேயே கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் இதே காலத்தில் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரத்திலிருந்து மலாக்கோ என்ற நிறுவனம், பாபி பிளாண்ட், லிட்டில் மில்ட்டன், டெனிஸ் லசால், ஜானி டெய்லர் ஆகியோரை வருடக்கணக்காக விடாமல் பதிவு செய்துகொண்டிருந்தது. தெற்கத்திக் கறுப்பின மக்கள் காசு கொடுத்து வாங்கிய இசை அது. அதில் சின்தசைசர் இருந்தது, டிரம் மெஷின் இருந்தது, படுக்கையறைப் பேச்சு இருந்தது. ராக் பத்திரிகைகள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. முதுமை இப்படித்தான் ஒலிக்க வேண்டும், கரகரப்பாக, மரப்பெட்டிக் கிதாரோடு, என்று யாரோ முடிவு செய்கிறார்கள். அந்த 'யாரோ' அந்தப் பாடகர்களின் பழைய ரசிகர்கள் இல்லை.

#3 தேன்மொழி

நான் இவங்களைப் பத்தி இப்பதான் கேள்விப்படறேன். முகிலன் அண்ணா, 1972-ல பதிவு பண்ணின அதே ஸ்டுடியோவுலதான் 2007-லயும் பண்ணினாங்களா? அதே ஆளுங்களா?

#4 முகிலன்

ஊர் ஒன்று, ஸ்டுடியோ வேறு, தேன்மொழி. இதில் பலருக்கும் குழப்பம் வரும், அதனால் சொல்லிவிடுகிறேன்.

மசில் ஷோல்ஸில் ரிக் ஹால் நடத்தியது ஃபேம் ஸ்டுடியோ. 1967-ல் எட்டா ஜேம்ஸ் 'டெல் மாமா' பதிவு செய்ததும், அதே வருடத் தொடக்கத்தில் ஆரெத்தா வந்து ஒரு பாட்டை முடித்த கையோடு சண்டையில் கிளம்பிப் போனதும் அங்கேதான். ஃபேமில் சம்பளத்துக்கு வாசித்த நாலு பேர், டேவிட் ஹுட், ராஜர் ஹாகின்ஸ், ஜிம்மி ஜான்சன், பாரி பெக்கெட், 1969-ல் தனியாகப் பிரிந்து பக்கத்து ஊரான ஷெஃபீல்டில் மசில் ஷோல்ஸ் சவுண்ட் ஸ்டுடியோ தொடங்கினார்கள். ஸ்வாம்பர்ஸ் என்று சொல்வது இவர்களைத்தான். லவெட்டின் 1972 பதிவு இந்த நாலு பேரின் கைவண்ணம். 2007 பதிவு நடந்தது ரிக் ஹாலின் ஃபேமில்.

ஆளைப் பொறுத்தவரை ஒரு பாலம் இருக்கிறது. 1972-ல் பேஸ் கிதார் வாசித்த டேவிட் ஹுட்டே 2007-லும் வந்து வாசித்தார். அவர் மகன்தான் டிரைவ்-பை டிரக்கர்ஸின் பேட்டர்சன் ஹுட், ஆல்பத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர். அப்பா லவெட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தபோது மகனுக்கு எட்டு வயது. கீபோர்டில் ஸ்பூனர் ஓல்ட்ஹாம். பெர்சி ஸ்லெட்ஜின் 'வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்' பாட்டில் கோயில் மணம் வீசுமே ஓர் ஆர்கன், அதை வாசித்த அதே விரல்கள்.

வேலன், மலாக்கோ பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஜானி டெய்லருக்குத் தனி இழையே போடலாம். ஆனால் லவெட்டின் ஆல்பம் எதையும் மலாக்கோவும் வெளியிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

#5 மாலதி ர.

வாய்ப்பாடு இருக்கட்டும். ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கலாமா?

'டாக்கிங் ஓல்ட் சோல்ஜர்ஸ்.' எல்டன் ஜானின் 1970 ஆல்பத்தில் இருக்கிறது. வரிகள் பெர்னி டாப்பினுடையவை. மதுக்கடையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு கிழட்டுச் சிப்பாயின் பேச்சு. அவன் கூட்டாளிகள் எல்லோரும் செத்துப்போய்விட்டார்கள். எழுதியபோது டாப்பினுக்கு 20 வயது, பாடிய எல்டனுக்கு 23. நல்ல பாட்டுதான். ஆனால் எல்டன் பாடும்போது பியானோவும் குரலும் சேர்ந்து மேலே மேலே ஏறி ஒரு நாடக உச்சத்தைத் தொடும். முதுமையை வெளியே நின்று பார்க்கும் இளைஞனின் வியப்பு அதில் தெரியும்.

லவெட் எல்டனைவிட ஒரு வயது மூத்தவர். அவர் இதைப் பாடும்போது முதலில் மெட்டே காணாமல் போனதுபோல இருக்கிறது. வரியின் முதல் பாதியைப் பாடுகிறார், மறு பாதியைப் பேசுகிறார். வரி முடியும் இடத்தில் சுரத்தை இழுத்துப் பிடிக்க வேண்டிய இடம் வரும். அங்கே மூச்சை விட்டுவிடுகிறார், சொல் அப்படியே கீழே விழுகிறது. அடுத்த வரிக்கு முன்னால் ஒரு இடைவெளி. தாளப்படி பார்த்தால் அது தாமதம். ஆனால் பின்னால் வாசிப்பவர்கள் அவருக்காகக் காத்திருப்பது கேட்கிறது. நண்பர்களைப் பற்றிய இடம் வரும்போது குரல் உயர வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்போம். உயராது. இன்னும் தாழ்ந்து, தொண்டைக்குள் ஒரு கீறலோடு வரும். அதற்குப் பிறகு ஒரே ஒரு இடத்தில் மட்டும் கத்துகிறார். அந்தக் கத்தலுக்கு முந்தைய இரண்டு நிமிடமும் அவர் சேர்த்துவைத்தது என்று அப்போதுதான் புரியும்.

1962-ல் அவரோடு ஒரே பயணக் குழுவில் பாடியவர்கள் பென் இ. கிங், கிளைட் மெக்ஃபாட்டர், அன்றைக்குப் புதுமுகமான ஓட்டிஸ் ரெடிங். ஓட்டிஸ் 1967-ல் போனார், மெக்ஃபாட்டர் 1972-ல். டெட்ராய்ட் நண்பர்களில் எத்தனையோ பேர் அதன் பிறகு. ஆண் சிப்பாய்க்காக எழுதிய பாட்டு இது. அவர் பாடும்போது அது ஒரு பாடகியின் சகாக்களைப் பற்றிய பாட்டாக மாறிவிடுகிறது.

இதை எந்தத் தயாரிப்பாளர் சொல்லிக் கொடுக்க முடியும், வேலன்?

#6 வேலன்77

மாலதி எழுதியது: "இதை எந்தத் தயாரிப்பாளர் சொல்லிக் கொடுக்க முடியும்"

சொல்லிக் கொடுக்க முடியாது. ஆனால் எந்தப் பாட்டு, எந்த வேகம், பின்னால் எத்தனை வாத்தியம், ஒரே பாட்டைப் பல முறை பதிவு செய்ததில் எந்த டேக்கை வைத்துக்கொள்வது, இதெல்லாம் தயாரிப்பு முடிவுகள். 1982 மோடவுன் ஆல்பத்தைக் கேளுங்கள். அதே பாடகி, அதே திறமை. பின்னணியில் நாஷ்வில் ஆட்கள் பளபளப்பாக வாசித்துக் குரலைப் போர்த்தி மூடிவிட்டார்கள். அங்கே தவறு தயாரிப்பில் என்றால், இங்கே நன்றாக வந்ததிலும் தயாரிப்புக்குப் பங்கு உண்டு. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு வைக்காதீர்கள்.

#7 விண்ட்சர் சிவா

வணக்கம். நான் இருக்கிறது கனடாவிலை விண்ட்சரிலை. ஆத்தைக் கடந்தா டெட்ராய்ட். கனகாலமா இந்தக் களத்திலை வாசிக்கிறனான், எழுதுறது குறைவு. பெட்டி லவெட் எண்டதும் பேசாமல் இருக்க ஏலாமல் போச்சு.

கொஞ்ச வருசத்துக்கு முன்னம் மிச்சிகன் பக்கம் ஒரு சின்ன மண்டபத்திலை அவாவை நேரிலை பாத்தனான். மெலிஞ்ச உடம்பு, கறுப்பு உடுப்பு. மேடைக்கு வந்த உடனை சனத்தைப் பாத்துக் கதைக்கத் தொடங்கினா. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலை கதைக்கிறது வேறை, பாடுறது வேறை எண்டு பிரிக்கேலாது. கதைச்சுக்கொண்டு நிக்கேக்கையே அது பாட்டா மாறிப் போகும். இசைக்குழுவிலை இருந்தவை அவான்ரை தோளைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவை. தோள் அசைஞ்சா அடி, நிண்டா நிப்பு.

கடைசிப் பாட்டுக்கு வாத்தியக்காரர் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிக்க, சினேட் ஓ'கானரின்ரை 'ஐ டு நாட் வான்ட் வாட் ஐ ஹேவன்ட் காட்' பாட்டைத் தனிக் குரலிலை பாடினா. 2005 ஆல்பம் தொடங்கிறதே அந்தப் பாட்டோடைதான், அதிலையும் வாத்தியம் ஒண்டும் இல்லை. மண்டபத்திலை ஒருத்தரும் இருமக்கூட இல்லை. பாடிக்கொண்டே மேடையாலை இறங்கிப் போனா.

வேலன் சொல்லுற தயாரிப்புக் கதை எனக்கு விளங்குது. ஆனா அண்டைக்கு அங்கை தயாரிப்பாளர் ஒருத்தரும் இல்லை. மைக்கும் அவாவும்தான். உந்தக் குரலை வச்சுக்கொண்டு ஒரு சனக்கூட்டத்தை என்ன செய்யலாம் எண்டு அவா முப்பது நாப்பது வருசம் கிளப்பிலை படிச்சவா. சனம் குடிச்சுக்கொண்டு, கதைச்சுக்கொண்டு இருக்கிற இடத்திலை பாடி அவையைத் திரும்பிப் பாக்க வைக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை. சத்தமாப் பாடினாத் திரும்பமாட்டினம். சத்தத்தைக் குறைச்சாத்தான் திரும்புவினம். அவாவுக்கு அது தெரியும்.

#8 தேன்மொழி

சிவா அண்ணா, படிக்கும்போதே சிலிர்க்குது.

எனக்கு ஒரு சந்தேகம். இத்தனை வருஷம் கிளப்ல பாடி எப்படிக் குடும்பம் நடத்தினாங்க? 1962 பாட்டும் 1965 பாட்டும் ஹிட்டுன்னு சொல்றீங்க. ரேடியோல போடும்போதெல்லாம் காசு வந்திருக்குமே?

#9 ராகவன் கே.

தேன்மொழி கேட்டது நல்ல கேள்வி. பதில் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

அமெரிக்காவில் சாதாரண ஏஎம், எஃப்எம் வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால், பாட்டை எழுதியவருக்கும் அதன் பதிப்பாளருக்கும் மட்டுமே பணம். பாடியவருக்கு ஒரு காசு கிடையாது. சட்டமே அப்படி. 1995-க்குப் பிறகு வந்த மாற்றங்களால் செயற்கைக்கோள் வானொலி, இணைய வானொலி ஆகியவற்றில் மட்டும் பாடகருக்குப் பங்கு உண்டு. ஆகவே, அறுபதுகளில் ஒரு பாடகி சொந்தமாகப் பாட்டு எழுதவில்லை என்றால் அவருக்கு இரண்டே வழி. ஒன்று, இசைத்தட்டு விற்பனையில் பங்கு. அதிலும் ஸ்டுடியோ செலவு, முன்பணம் எல்லாவற்றையும் நிறுவனம் கழித்துக்கொண்ட பிறகு மிச்சம் இருந்தால்தான் கைக்கு வரும். இரண்டாவது, மேடை. லவெட் பாட்டு எழுதுபவர் இல்லை, பிறர் பாட்டுக்கு உயிர் கொடுப்பவர். 'லெட் மி டவுன் ஈஸி' நூறு தடவை ஒலித்தாலும் எழுதியவர் கணக்குக்குத்தான் வரவு. எழுபதுகளின் பிற்பகுதியில் 'பபிளிங் பிரவுன் சுகர்' என்ற இசை நாடகத்தில் கேப் காலவேயோடு நடித்ததும் அவருக்குப் பிழைப்புக்கு ஒரு வழியாக இருந்திருக்கும்.

இப்போது இந்த ஆல்பத்துக்கு வருகிறேன். இதில் 'பிஃபோர் தி மனி கேம்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. ஸ்டுடியோவில் லவெட் வாய்விட்டுச் சொன்னவற்றை, பழைய கதைகளை, கோபத்தில் சொன்னவற்றையும் பேட்டர்சன் ஹுட் குறித்துவைத்துக்கொண்டு, அவற்றைக் கோத்துப் பாட்டாக்கினார். எழுதியவர்கள் பட்டியலில் லவெட்டின் பெயரும் சேர்ந்தது. சக பாடகர்கள் பெரிய ஆள் ஆகிப் பெயரும் பணமும் பார்த்தார்கள், நான் அதற்கெல்லாம் முன்னாலிருந்தே பாடிக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் சாரம். பாடி 45 வருடம் ஆன பிறகு சொந்த வாழ்க்கை சொந்தப் பாட்டாகிறது, அதற்கு உரிமைத்தொகையும் வருகிறது. ஆல்பம் முழுவதிலும் எனக்கு மிக முக்கியமான விஷயம் இதுதான்.

வேலன், இதைத் தயாரிப்பாளர் கணக்கில் எழுதுங்கள், ஆட்சேபம் இல்லை. பேட்டர்சன் ஹுட் செய்தது நல்ல காரியம்.

#10 வேலன்77

ராகவன் சார் சொன்ன பாட்டையே எடுத்துக்கொள்கிறேன். காரியம் நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்க எப்படி இருக்கிறது? மூன்று கிதார்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. அவர் வார்த்தைகள்தான் அந்தப் பாட்டின் உயிர். அந்த வார்த்தைகளையே கிதாரோடு மல்லுக்கட்டிக்கொண்டு சொல்ல வேண்டியிருக்கிறது. டிரக்கர்ஸ் நல்ல குழு, அவர்களுடைய சொந்த ஆல்பங்கள் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஸ்வாம்பர்ஸ் வாசிப்பில் இருந்த இடைவெளி இவர்களுக்குக் கைவரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், லவெட்டின் மிகச் சிறந்த ஆல்பம் 1972-ல் புதைத்ததுதான். 'யுவர் டர்ன் டு கிரை' கேளுங்கள். ராஜர் ஹாகின்ஸின் டிரம் அவசரமே படாமல் போகும், பாரி பெக்கெட்டின் கீ அங்கங்கே தொட்டுவிட்டு விலகும். நடுவில் 26 வயதுக் குரல், கூர்மையும் ஈரமும் சேர்ந்து. நீல் யங்கின் 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' பாட்டையும் அதே காலத்தில் சிங்கிளாகப் பாடியிருக்கிறார். மூலப் பாட்டு வந்த அதே வருடம்! அப்போதே அடுத்தவர் பாட்டைப் பிரித்துத் தன் அளவுக்குத் தைத்துக்கொள்ளத் தெரிந்திருக்கிறது. அந்த ஆல்பம் அன்றைக்கே வந்திருந்தால் 2007-ல் அவரை யாரும் 'கண்டுபிடிக்க' வேண்டிய தேவையே இருந்திருக்காது. கரகரத்த குரலைக் கொண்டாடும்போது, நல்ல குரலாக இருந்த காலத்தில் அதைக் கேட்கவிடாமல் செய்தார்களே என்ற கோபம் எனக்குப் போகவில்லை.

#11 மாலதி ர.

அந்தக் கோபம் எனக்கும் உண்டு. அவருக்கும் உண்டு, இல்லாவிட்டால் ஆல்பத்துக்கு இப்படித் தலைப்பு வைத்திருக்க மாட்டார்.

ஆனால் 26 வயதுக் குரல்தான் 'நல்ல குரல்', 61 வயதுக் குரல் அதன் மிச்சம் என்று வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டிருக்கிறேன். 1972-ல் அவர் உச்சத்துக்குப் போகும்போது குரல் அவர் கேட்டதையெல்லாம் கொடுக்கிறது. கொடுப்பதால் அங்கே அடிக்கடி போகிறார். 2007-ல் உச்சத்துக்கு ஒரு விலை இருக்கிறது. எங்கே செலவழிப்பது என்று பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிறார். 'சாய்ஸஸ்' பாட்டு இதற்குச் சாட்சி.

'சாய்ஸஸ்' 1999-ல் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடிப் புகழ்பெற்றது, கிராமியும் வாங்கியது. குடியால் சீரழிந்த மனிதரின் வாக்குமூலம், ஜோன்ஸின் சொந்த வாழ்க்கையும் அதுதான் என்று கேட்டவர்கள் அனைவருக்கும் தெரியும். அவர் பாட்டில் மன்னிப்புக் கேட்கும் தொனி உண்டு. லவெட் பாட்டில் அது துளிகூட இல்லை. நான் எடுத்த முடிவுகள், நான்தான் அனுபவிக்கிறேன் என்று நிமிர்ந்து நின்று சொல்கிறார். அந்த நிமிர்வைக் குரலின் உயரத்தால் காட்டவில்லை, ஒவ்வொரு சொல்லுக்கும் கொடுக்கும் எடையால் காட்டுகிறார். வரியின் கடைசிச் சொல்லைக் கடித்து நிறுத்துகிறார் பாருங்கள், அதை 26 வயதில் செய்திருக்கமாட்டார்.

#12 அருள்மொழி

குறுக்கே ஒரு தகவல். இந்த ஆல்பம் கிராமிக்குச் சமகால புளூஸ் பிரிவில் பரிந்துரையாகி, ஜே.ஜே. கேலும் எரிக் கிளாப்டனும் சேர்ந்து செய்த ஆல்பத்திடம் தோற்றது. பெட்டி லவெட் புளூஸ் பாடகியா என்று கேட்டால், கறாராகப் பார்த்தால் இல்லை. புளூஸின் அடிப்படை அமைப்பான பன்னிரண்டு பார் புளூஸ் அவர் அதிகம் பாடியதில்லை. கடைக்காரர்களும் விருதுக் குழுவும் 60 வயதைத் தாண்டிய சோல் பாடகரை எங்கே வைப்பது என்று தெரியாமல் புளூஸ் அலமாரியில் வைக்கிறார்கள். 2004-ல் டபிள்யூ.சி. ஹேண்டி விருது கிடைத்ததும் புளூஸ் ஆட்களிடமிருந்துதான். அவர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

இன்னொன்று. சோல் பாடகர் என்றாலே தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர் என்று நினைப்போம். இவர் அப்படி வளர்ந்தவர் இல்லை. மஸ்கீகனில் பெற்றோர் வீட்டிலேயே சாராயம் விற்றார்கள், கூடத்தில் ஜூக்பாக்ஸ், அதாவது காசு போட்டால் இசைத்தட்டு பாடும் பெட்டி, இருந்தது. குழந்தை அதைக் கேட்டுத்தான் பாடக் கற்றது. பாடும்போது அவர் கடவுளிடம் முறையிடுவதுபோல ஒருபோதும் தோன்றாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளிடம்தான் பேசுகிறார்.

#13 முகிலன்

அருள்மொழி சொன்ன ஜூக்பாக்ஸ் என் வாதத்துக்கே வந்து சேர்கிறது. ஜூக்பாக்ஸில் கன்ட்ரி பாட்டு, புளூஸ், காஸ்பெல் என்ற தேவாலயப் பாட்டு எல்லாம் ஒரே பெட்டிக்குள். யார் எழுதியது, எந்த இனத்தார் பாட்டு என்ற வேலி அங்கே இல்லை. 2005 ஆல்பத்தில் டாலி பார்ட்டனும் ஃபியோனா ஆப்பிளும் ஜோன் ஆர்மட்ரேடிங்கும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்கு வியப்பே தரவில்லை.

அதில் லூசிண்டா வில்லியம்ஸின் 'ஜாய்' இருக்கிறது. தொலைந்த மகிழ்ச்சியைத் தேடி ஊர் ஊராகப் போகும் பாட்டு. லூசிண்டா பாடிய தெற்கத்தி ஊர்ப்பெயர்களை எடுத்துவிட்டு, டெட்ராய்ட், மசில் ஷோல்ஸ் என்று தான் பிழைப்பு தேடி அலைந்த ஊர்களை லவெட் வைத்துக்கொண்டார். ரெண்டு சொல் மாறியதும் அது அவருடைய வாழ்க்கைப் பயணமாகிவிட்டது. அவருக்கு வரும் பாட்டுக் குவியலை முதலில் சலிப்பவர் கணவர் கெவின் கைலி. கடைசியில் இதைப் பாடுவேன், இதைப் பாடமாட்டேன் என்று சொல்வது லவெட்தான். வேலன், நீங்கள் 'எந்தப் பாட்டு' என்பது தயாரிப்பு முடிவு என்றீர்கள். இவர் விஷயத்தில் அந்த முடிவில் பெரும்பங்கு வீட்டிலேயே முடிந்துவிடுகிறது.

இந்த ஆல்பம் வந்த மறுவருடம் டிசம்பரில் கென்னடி சென்டர் விழாவில் 'தி ஹூ' என்ற பிரிட்டிஷ் ராக் குழுவுக்கு மரியாதை செய்தார்கள். அந்தக் குழுவின் பீட் டவுன்ஷெண்டும் ராஜர் டால்ட்ரியும் மேல் மாடத்தில். லவெட் 'லவ் ரெய்ன் ஓ'ர் மி' பாடினார். மூலத்தில் டால்ட்ரி இடி முழக்கம்போலப் பாடும் பாட்டு. இவர் அதை மெதுவாக்கி, கெஞ்சலாக்கி, ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்தார். டவுன்ஷெண்டின் முகம் மாறுவதைக் காணொளியில் பார்க்கலாம். அடுத்த மாதமே ஒபாமா பதவியேற்பை ஒட்டி லிங்கன் நினைவிடத்தில் பாடினார். இங்கெல்லாம் ஜோ ஹென்றியும் இல்லை, டிரக்கர்ஸும் இல்லை.

#14 விண்ட்சர் சிவா

ஓம் முகிலன், அந்தக் காணொளியை நானும் பாத்தனான். ஒண்டு கவனிச்சனீங்களோ? அவாவுக்கு அந்தப் பாட்டு அதுக்கு முன்னம் பெரிசாத் தெரியாது எண்டு சொல்லியிருக்கிறா. ராக் பாட்டுகள் கனக்கத் தெரியாததாலைதான் மூலத்தைப் போலச் செய்யிற எண்ணமே வாறேல்லைப் போல. வரியை வாசிச்சு, என்ன சொல்லுது எண்டு பாத்துப் பாடுறா.

#15 வேலன்77

கென்னடி சென்டர் விஷயத்தில் வாதாட ஒன்றுமில்லை. 'சாய்ஸஸ்' பற்றி மாலதி எழுதியதைப் படித்துவிட்டுத் திரும்பக் கேட்டேன். அந்தக் கடித்து நிறுத்தும் இடம் அபாரம். பெடல் ஸ்டீல் (கிடத்தி வைத்து வாசிக்கும் கிதார் வகை) அவர் பின்னால் ஒதுங்கி நிற்கிறது, கிதாரும் அடங்கி இருக்கிறது. டிரக்கர்ஸ் இப்படியே முழு ஆல்பத்தையும் வாசித்திருக்கலாம்.

என் நிலை இன்னும் மாறவில்லை. இவருக்குக் கிடைத்தது நியாயம், அதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் இந்த வாசல் வழியாக வந்தவர்களை மட்டுமே நாம் கேட்கிறோம். டெனிஸ் லசால் தன் பாட்டைத் தானே எழுதினார், மலாக்கோவில் வருடாவருடம் பாடினார், அறுபதைத் தாண்டியும் மேடையில் சனத்தைக் கட்டிப்போட்டார். 2018-ல் இறந்தபோது இந்தக் களத்தில் ஒரு அஞ்சலிகூட வரவில்லை. ராக் தயாரிப்பாளர் யாரும் அவரை 'மீட்டெடுக்காதது' ஒன்றுதான் வித்தியாசம். அந்த இழையை நானே தொடங்குகிறேன்.

#16 தேன்மொழி

வேலன் அண்ணா, கண்டிப்பா தொடங்குங்க, நான் வர்றேன்.

இப்ப எனக்கு லவெட் எதுல ஆரம்பிக்கறதுன்னு யாராவது சொல்லுங்க. எல்லாத்தையும் ஒரே மூச்சுல கேட்டா குழம்பிடும்.

#17 மாலதி ர.

தேன்மொழி, முதலில் 'லெட் மி டவுன் ஈஸி', 1965 சிங்கிள். மூன்று நிமிடம்கூட இல்லை. வயலின்கள் கொக்கி போட்டு இழுக்க, பத்தொன்பது வயதுப் பெண் கெஞ்சுகிற பாட்டு. அதைக் கேட்ட கையோடு 'டாக்கிங் ஓல்ட் சோல்ஜர்ஸ்'. இரண்டுக்கும் நடுவே நாற்பத்திரண்டு வருடம். பிறகு வேலன் சொன்ன 'யுவர் டர்ன் டு கிரை'. இந்த மூன்றும் பிடித்தால் 2005 ஆல்பத்தை முழுதாகக் கேளுங்கள், அப்புறம் 'சீன் ஆஃப் த கிரைம்'. முதல் முறை கேட்கும்போது மூலப் பாட்டுகளைத் தேடிப் போகாதீர்கள். அவை பிறகு.

டிலன் பாட்டுகளை மட்டும் பாடிய 2018 ஆல்பம் 'திங்ஸ் ஹேவ் சேஞ்ச்டு' இன்னொரு நாளைக்கு. ஸ்டீவ் ஜோர்டன் தயாரிப்பு, டிரம்மும் அவரே. வேலன் கேட்ட இடைவெளி அதில் நிறையவே இருக்கிறது. வேலன், அதைக் கேட்டிருக்கிறீர்களா?

#18 வேலன்77

கேட்டதில்லை. இன்றிரவு கேட்டுவிட்டு எழுதுகிறேன்.